கண்ணை மூடினால் கேட்கும் குரல்

குரல்காரருக்கு முகம் என்று ஒன்று இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. பெயரா? அதை யார் கேட்டார்கள்! வேற்றுமொழிப் படங்களில் கதாநாயகன் கொஞ்சுவான், வில்லன் மிரட்டுவான், கிழவன் இருமிக்கொண்டே சாவான். மூன்று பேர் வாயிலும் வருவது இவர் குரல்தான். கதவடைத்த டப்பிங் அறையில் மைக்கின் முன் நின்று, திரையில் அசையும் வாய்க்கு ஏற்றபடி பேசுவார். அதில்தான் குடும்பம் நடந்தது.

அவர் மனைவிக்குத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. அவர் குரல் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். "தெறந்தா எவனோ ஒருத்தன். மூடுனாத்தான் நீங்க," என்பாள். கல்யாணமான புதிதில் அது இனித்தது. ஐம்பதைத் தாண்டியதும் முள்ளாய்க் குத்தத் தொடங்கியது. ஒரே ஒரு படத்திலாவது அவள் கண்ணைத் திறந்து தன்னைப் பார்க்க வேண்டும். ஆசை யாரை விட்டது?

அந்த நேரத்தில்தான், போர்க்காலத்தில் நாட்டை நடத்திய பிரதமரின் கதையைப் படமெடுக்க ஓர் இயக்குநர் வந்தார். டப்பிங் அறை வாசலில் இவரைப் பக்கவாட்டில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதே ஏறு நெற்றி, அதே மூக்கு.

"அச்சு அசலா இருக்கீங்க சார். கன்னம்தான் கொஞ்சம் உப்பலா இருக்கு. போர் முடியறப்ப அவருக்குக் கன்னம் ஒட்டிப்போச்சு. மேக்கப்ல பாத்துக்கலாம்."

மேக்கப்காரர் கன்னத்தில் கறுப்பைத் தடவினார். கேமராவில் கரி அப்பியது போல இருந்தது. இயக்குநர் உதட்டைப் பிதுக்கி, "வேற ஆள் பாக்கலாமா?" என்று உதவியாளரிடம் முணுமுணுத்தார். இவருக்குப் பாம்புக் காது, கேட்டுவிட்டது. விடிந்ததும் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்ல பல்லாச்சேங்க!" என்று அந்த டாக்டர் கையை விரித்துவிட்டார். இவர் விடுவாரா? கன்னம் ஒட்ட வேண்டுமென்று இன்னொருவரைத் தேடிப் பிடித்து மேல்வரிசைப் பல்லை மொத்தமாக எடுக்கச் சொன்னார். ஐயோ, புத்தியுள்ளவன் செய்கிற காரியமா இது?

துணியை வாயில் அழுத்திக்கொண்டு வந்தவரைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பல்லு போனா சொல்லு போச்சுன்னு நீங்க கேட்டதே இல்லையா? நமக்குச் சோறு போட்டதே அந்தச் சொல்லுதானேங்க!"

"விடுக்கா," என்றான் அவள் தம்பி. "மாமா பிரதமராயிட்டாரு. மாமா, எனக்கு ஏதாவது ஒரு இலாகா பாத்து ஒதுக்குங்க."

அவர் சிரித்தார். துணி சிவந்தது.

படப்பிடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வானொலி மைக்கின் முன் அவர் உட்கார்ந்தபோது, விளக்குப் பிடித்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் அவருக்கு வாய்த்த நல்ல நாள் அது ஒன்றுதான்.

பிறகு டப்பிங். அதே அறை, அதே மைக். இந்தத் தடவை திரையில் அவர் முகம். பல்செட்டைப் போட்டால் மைக்கில் டக்கு டக்கென்று கேட்டது. கழற்றினால் பாதி வார்த்தை காற்றாய்ப் போனது. காலமெல்லாம் இவருக்கு ஒலிப்பதிவு செய்த சவுண்ட் இன்ஜினியர், முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவ பாக்கலாமே," என்றார். தண்ணீர்தான் தீர்ந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றார் இயக்குநர். "குண்டு விழுறப்ப நாடே அந்தப் பிரதமர் குரல நம்பித்தான் இருந்துச்சு. வேற ஆளப் பேச வெச்சுக்கறேன்."

மறுநாள் வேறொரு குரல்காரர் வந்தார், பழைய தோழர்தான். வாசலில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேணாம்னுதான் சொன்னேண்ணே," என்றார்.

"அட, போய்ப் பேசுப்பா. ரெண்டாவது வரில ஒரு எடத்துல மூச்சு எடுப்பேன். அத மட்டும் விட்றாத."

அதற்குப் பிறகு டப்பிங் அறையிலிருந்து அவருக்கு அழைப்பே வரவில்லை. எப்படி வரும்? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

படம் வந்தது. வேறு ஆள் பேசியிருப்பதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை; சொல்ல வாய் வரவில்லை. "இன்னைக்கு இமைக்கக்கூட மாட்டேன் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே மனைவி தியேட்டரில் உட்கார்ந்தாள். அந்தக் காட்சி வந்தது. திரை நிறைய அவர் முகம். அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் அகலத் திறந்து, வாய் பிளந்து பார்த்தாள். இதற்குத்தானே இவ்வளவும்!

திரையில் பிரதமர் பேச ஆரம்பித்தார்.

அவள் முகம் சுருங்கியது. பழக்கத்தில் கண்ணை மூடினாள். திறந்து திரையைப் பார்த்தாள். மறுபடி மூடினாள். பிறகு இருட்டில் துழாவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க ஏதாவது பேசுங்களேன்," என்றாள்.

பல்செட் சட்டைப்பையில் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. திரையில் பிரதமர் பேசிக்கொண்டே இருந்தார்.