பச்சை நூலில் ‘வீட்டுக்கு வாங்க’

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் பெண் நான். ஒன்பது வயதில் அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

அந்த நோன்பு மாதத்தில், வாப்பாவின் தம்பியான சாச்சா லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பவிருந்தார். வாப்பாவும் அங்கேதான், மூன்று பெருநாளாக வரவில்லை. சாச்சாவிடம் அவருக்கொரு வாழ்த்து அட்டை கொடுத்தனுப்ப நினைத்தேன். வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டில் நான் பென்சிலால் எழுத வேண்டும், அதன் மேல் உம்மா கம்பளி நூலால் தைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ‘ஈத் முபாரக் வாப்பா’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘வீட்டுக்கு வாங்க’ என்றும் எழுதினேன். உம்மாவுக்கு விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.

உம்மா அந்தக் கீழ் வரியில் தன் விரலை வைத்தார்.

“கீழ எழுதினத வெட்டு புள்ள. லீவு கிடைக்காத மனுசன் அதப் பாத்திட்டு என்ன செய்யிற? சும்மா கவலப்படுவார்.”

அழிறப்பர் இல்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு டியூஷனுக்கு ஓடினேன்.

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பியதிலிருந்து உம்மா உட்காரவில்லை. கல்முனைக்குடிக் கடைக்குக் கொடுக்கும் ரோல்ஸ் பலகாரம் எல்லாவற்றையும் சுற்றி வைத்த பிறகுதான் ஊசியை எடுத்திருக்கிறார். நோன்போடு நூலை வாயில் வைத்து நனைக்க அவருக்கு மனம் வராது. கோப்பையில் தண்ணீர் வைத்து, நுனியை அதில் தொட்டுத் தொட்டுக் கோத்திருக்கிறார். நான் திரும்பியபோது கோப்பைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார். அட்டை முடிந்திருந்தது.

எல்லாவற்றையும் பச்சை நூலில் தைத்திருந்தார். என் பென்சில் வழுக்கி விழுந்த ஒரு புள்ளியைக்கூட. வெட்டிய வரியையும்.

“உம்மா! வெட்டினதையும் தைச்சிருக்கீங்க. வெட்டினா இல்லை எண்டு அர்த்தம். இதும் தெரியாதா?”

நூலைப் பிரித்தாலும் அட்டையில் விழுந்த துளைகள் போகாது. சாச்சாவை ஏற்றிப் போக வந்த வேன் வாசலில் ஹோர்ன் அடித்தது. சாச்சா அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“வகுப்புல முதலாம் புள்ள எண்டாங்க. வெட்டின எழுத்தையும் வாப்பாக்கு அனுப்புறாவாம்!”

“நான் இல்ல சாச்சா, உம்மாதான். அவக்கு எழுத்துத் தெரியாதே.”

உம்மா கண்களைத் திறக்கவில்லை.

“ஓம், எனக்கு என்ன தெரியும். கொண்டுபோய்க் குடுங்க தம்பி.”

அந்தப் பெருநாளைக்கு வாப்பா வரவில்லை. அடுத்ததற்கு வந்தார். அவருடைய பெட்டிக்குள் அட்டையும் வந்தது.

இப்போது நான் ஆசிரியை. நேற்றுப் பின்னேரம், விடைத்தாள்களில் பிழைகளை வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோய் அலுமாரியைத் திறந்தபோது அந்த அட்டை அகப்பட்டது. பச்சை மங்கிவிட்டது. வழுக்கி விழுந்த புள்ளி அப்படியே இருக்கிறது. ‘வீட்டுக்கு வாங்க’ இருக்கிறது. அதன் குறுக்கே நான் இழுத்த பென்சில் கோடும் லேசாகத் தெரிகிறது.

அன்று நான் எழுத்தை மட்டும்தான் பார்த்தேன். அட்டை முழுவதிலும் உம்மா தைக்காமல் விட்டிருந்தது அந்தக் கோடு ஒன்றைத்தான்.