உலக அரசின் குரல்

உலகம் முழுவதற்கும் ஒரே அரசு, அதற்கு ஒரே ராணுவம். ஆறு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒலித்த அந்த விஞ்ஞான நாடகத்தை எழுதிய புண்ணியவான் நான்தான். முந்நூறு பேர் கேட்டிருந்தால் அதிகம். அதில் படைத் தளபதியாகப் பேசியவர் பாலர்பள்ளி ஆசிரியை ரஞ்சிதம் அக்கா. "வீரர்களே, இடத்தை விட்டு நகராதீர்கள்!" என்று அவர் சொன்னால் எழுதிய எனக்கே முதுகு நிமிரும்.

அவர் கணவர் பாலகிருஷ்ணன் அண்ணன் அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர். இப்போது அவருக்கு முதுமை மறதி நோய். போன வருடம் தேக்கா சந்தைக்குப் போகிறேன் என்று புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து கிளம்பியவர், மறுநாள் ஜாலான் புசாரில் வெறுங்காலோடு கிடைத்தார். மனைவி யாரென்று தெரியவில்லை. யார் கெஞ்சினாலும் கேட்பதில்லை. தளபதி சொன்னால் மட்டும் கேட்கிறார். அதனால் அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டில் முழுநேரத் தளபதி ஆகிவிட்டார். சாப்பிட வைக்க, குளிக்க வைக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் குரல்தான்.

சென்ற ஞாயிறு பார்க்கப் போயிருந்தேன்.

"கொஞ்சம் இரு லா தம்பி, ஒரு மணி நேரம் தேக்கா போயிட்டு வந்துடுறேன்."

எட்டு மாதமாக அக்கா கீழ்த்தளத்துக் கடையைத் தாண்டியதில்லையாம். அக்கா செருப்பை மாட்டிக் கதவைத் திறந்ததும் அண்ணன் எழுந்து பின்னாலேயே நடந்தார். கையைப் பிடித்தேன், உதறினார். "வீரரே, நகராதீர்கள்!" என்று நானும் அதட்டிப் பார்த்தேன். மனிதர் என்னைச் சட்டை செய்யவே இல்லை. வசனம் என்னுடையதாக இருந்து என்ன பிரயோஜனம்?

அக்கா செருப்பைக் கழற்றினார். அதே வசனத்தைச் சொன்னார். அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"மேடம், எனக்கு எப்ப புக் அவுட்? வீட்ல ரஞ்சிதம் தனியா இருப்பா."

தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி செய்த எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. முகாமை விட்டு வீட்டுக்குப் போகக் கிடைக்கும் அனுமதி.

"இந்த வாரம் கிடையாது, வீரரே." அக்காவின் குரல் உடையவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"உங்களுக்கும் கிடையாதா மேடம்?"

அதற்கு நான் வசனம் எழுதியிருக்கவில்லை. அக்கா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.