தான் அடித்தவர்களைப் பேட்டி கண்ட கிருஷ்ணராசா

கிருஷ்ணராசா பேட்டி கண்ட பாட்டுக்காரர்களில் பாதிப் பேரை அவர் முன்னொரு காலத்தில் அடித்திருக்கிறார். மிச்சப் பேரைப் பிடரியில் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். வெள்ளைக்கார ராக் கலைஞர்களிடம் மனம்விட்ட பேச்சை வாங்க இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று அவருடைய சிநேகிதர் வாமதேவன் கேட்பார். அதில் உண்மையும் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்து இறங்கிய ஆள். ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கிற தோள். மற்றவர்கள் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போனபோது இவரைக் கேம்டன் பக்கத்தில் ஒரு கிளப் வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிளப்பில் இசை என்றால் இசை மட்டும் இல்லை. பியர்ப் போத்தல் மேடைக்குப் பறக்கும், மேடையிலிருந்து கிட்டார் கீழே பறக்கும், பாடுகிறவன் கூட்டத்துக்குள் குதித்து யாரோ ஒருவனின் மூக்கை உடைப்பான். கிருஷ்ணராசா உள்ளே இறங்கி எல்லோருக்கும் பாகுபாடில்லாமல் போட்டுச் சாத்திவிட்டு வெளியே வருவார். அடிக்கிறதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை.

அந்தச் சுகத்தை அவர் கிளப்போடு விட்டுவிட்டு வரவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: வீட்டிலும் அவர் கை நீட்டுவார். மனைவி சிவனேஸ்வரி வருடக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்டு, மகள் கஜந்தினி படித்து வேலைக்குப் போன கையோடு அவளுடன் ஹவுன்ஸ்லோவுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முழங்கால் போனதும் கிருஷ்ணராசாவின் வாசல் வேலையும் போனது. டூட்டிங்கில் வாமதேவனுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. அதன் மாடியில் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் சின்ன மண்டபம். பகலில் அது சும்மா கிடக்கும். "நீ அடிச்ச கதையளை என்னட்டைச் சொல்லி என்ன பிரியோசனம்? அடி வாங்கினவனைக் கூப்பிட்டுக் கதைக்க விடு" என்றார் வாமதேவன். அப்படித்தான் யூடியூப் பேட்டி தொடங்கியது. ஒரு போன் விருந்தாளியைப் பார்த்து, இன்னொன்று இவரைப் பார்த்து. நடுவில் மேசை, ஸ்டாண்டில் மைக், ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ்.

வந்தவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டால் இசை பழகவே பயம் வரும். கிளாஸ்கோவில் ரசிகர்கள் குழு வந்த வான் வண்டியைக் கவிழ்த்துக் கொளுத்தியதை ஒருவர் சொன்னார். பங்குத் தகராறில் தன் சொந்த மேனேஜர் தன் விரல்களைக் காரின் கதவில் வைத்து நசுக்கியதை ஒரு பேஸ் கிட்டார்க்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லும்போது அந்த விரல்களைத் தடவியபடியே இருந்தார். கிருஷ்ணராசா குறுக்கே பேச மாட்டார். அடிபட்டவன் எந்த இடத்தில் மௌனமாவான் என்று அடித்தவருக்குத் தெரியும் போலிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் கஜந்தினியும் ஒருத்தி. அவளுக்குக் கலியாணமாகி மேனுஷா என்று இரண்டு வயதுக் குழந்தை. பேரப்பிள்ளையை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். ஒருநாள் மகளே போன் எடுத்தாள். "அப்பா, நீங்கள் மாறீட்டியள் எண்டு வாமதேவன் மாமா சொல்லுறார். நான் நம்பேல்லை. ஆனா ஒருக்கா பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுறன். ஆரிலையாவது கை வச்சியள் எண்டு கேள்விப்பட்டன் எண்டால், அதோடை சரி."

"ஓம் பிள்ளை" என்றார். போனை வைத்துவிட்டு அழுதார்.

சனிக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு. இந்த இடத்தில்தான் நம்முடைய ஆள் தன் மூளையைப் பாவித்தார். அதே சனிக்கிழமை டெனிஸ் ஹால்வியைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார். 'காப்பர் பிஷப்ஸ்' என்ற குழுவின் பாடகன். அந்தக் குழு செத்ததே கிருஷ்ணராசாவின் கண்முன்னால்தான். ஒருநாள் பாட்டுக்கு நடுவில், சனங்களுக்கு முன்னால், "இவனுக்கு இன்றோடு வேலையில்லை" என்று டெனிஸ் தன் டிரம்மரைக் காட்டிச் சொன்னான். டிரம்மர் ரெஜ் பாட்டன் எழும்பி ஒரு டிரம்மைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தான். மூக்கெலும்பு நொறுங்கியது. டெனிஸ் மைக் ஸ்டாண்டைச் சுழற்றி அடித்ததில் ரெஜ்ஜுக்கு ஒரு காது செவிடு. பால்ய சிநேகிதர்கள் அதற்குப் பிறகு முகம் பார்த்ததில்லை.

கிருஷ்ணராசா இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. கோபதாபத்தில் பேச்சுவார்த்தையற்றுப் போன அண்ணன் தம்பியைக் கலியாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துவந்து ஒரே பந்தியில் இருத்திவிடுவார். சபைக்குப் பயந்து இரண்டு பேரும் குனிந்துகொண்டு சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடியக் கோபம் பாதியாகும், மற்றப் பாதி வருகிற கலியாணத்தில் போகும். அதே வித்தையை ரோல்ஸ் தட்டை வைத்துச் செய்யலாம் என்று இவர் நினைத்தார். மகள் படியேறி வரும்போது அப்பா சண்டைக்காரர் இருவரைச் சேர்த்து வைத்துக்கொண்டு நடுவில் இருப்பார். அதுதான் கணக்கு. அந்த வெள்ளைக்காரர்களுக்குச் சபையுமில்லை, பந்தியுமில்லை என்பது அவர் புத்தியில் ஏறவில்லை.

டெனிஸ் முதலில் வந்தான். தலை நரைத்து, வளைந்த மூக்கோடு. நன்றாகவே பேசினான். ஆட்கள் எறிகிற போத்தல்களுக்குத் தலையைக் குனிந்து குனிந்து தன் பாடும் முறையே மாறிப்போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது ரெஜ் படியேறி உள்ளே வந்தான்.

கிருஷ்ணராசா எழும்பிக் கையை விரித்து, "வா, இரு, சாப்பிடு" என்றார்.

டெனிஸ் ரோலைத் தட்டில் வைத்தான். "இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாயா?" என்று கேட்டான். கெட்ட வார்த்தைகளைக் கழித்தால் மிஞ்சியது இவ்வளவுதான்.

"மூக்கு இன்னும் நேராகவில்லையே" என்றான் ரெஜ்.

அவ்வளவுதான். டெனிஸ் மேசையைத் தாண்டிப் பாய்ந்தான். தேநீர் வைத்திருந்த எவர்சில்வர் ஜக் ரெஜ்ஜின் கைக்கு எட்டியது. அதால் டெனிஸின் நெற்றியில் இறக்கினான். தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. கண் தெரியாமலே டெனிஸ் அவன் தொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. சுவரில் ஒட்டியிருந்த பிறந்தநாள் தோரணம் அறுந்து அவர்கள் மேல் விழுந்தது. ரெஜ் அவன் கையைக் கடித்தான். அறுபது வயது தாண்டிய இரண்டு பேர் நாய்களைப் போலப் பிராண்டிக்கொண்டார்கள். மேசை கவிழ, போன்கள் தரையில் சிதறின.

கிருஷ்ணராசா நடுவில் புகுந்தார். அவருடைய வலது கை தானாகவே மூடிக்கொண்டது. எங்கே அடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்: தாடையில் ஒன்று, விலாவில் ஒன்று, இரண்டு பேரும் படுத்துவிடுவார்கள். அந்தப் பழைய சுகம் தோளிலிருந்து இறங்கி வருவதை அவர் உணர்ந்தார். உணர்ந்து, பயந்துபோனார். மேனுஷாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்கோ" என்று தமிழில் கத்தினார்.

டெனிஸ் வீசிய மைக் ஸ்டாண்ட் அவர் வாயில் பட்டது. முன்பல் உடைந்து தொண்டைக்குள் போனது. ரெஜ்ஜின் ஜக் காதோரம் விழுந்தது. அவர் கையை அவிழ்க்கவில்லை. யாரோ முழங்காலில் உதைத்தார்கள், பழுதான முழங்கால். விழுந்தார். விழுந்த பிறகும் அவர் மேல் ஏறி நின்றுதான் அவர்கள் அடித்துக்கொண்டார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. "ஐயோ, அம்மா" என்று அலறினார். வாழ்நாளில் அவர் அப்படி அலறியதை யாரும் கேட்டதில்லை, அவர் உட்பட.

கடைசியில் மூச்சு வாங்கி அவர்களே விட்டார்கள். ரெஜ் குனிந்து பார்த்து, "எங்களைத் தூக்கி வெளியே எறிந்திருக்கலாமே, ஏன் பார்த்துக்கொண்டு நின்றாய்?" என்று கேட்டான். நன்றி கெட்ட பிறவி.

சத்தம் கேட்டு வாமதேவன் ஓடி வந்தார். அவர் பின்னாலேயே கஜந்தினி. வாசலில் நின்று ரத்தத்தைப் பார்த்தாள், நெற்றி பிளந்த வெள்ளைக்காரனைப் பார்த்தாள், அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். குழந்தை கீழே காரில் அவள் கணவன் தர்சிகனோடு இருந்தது. அவள் திரும்பிப் படியில் நின்றபடி கத்தினாள்: "தர்சிகன், பிள்ளையை மேலை கொண்டு வராதேங்கோ. வீட்டை கொண்டு போங்கோ."

பிறகு அவரிடம் கேட்டாள். "ஆரை அடிச்சனீங்கள்?"

"நான் அடிக்கேல்லை பிள்ளை." உதடு கிழிந்திருந்ததால் சொல் குழறியது. அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வாமதேவனின் காரில் ஏற்றி, தானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளை விளக்கின் கீழே நேர்ஸ் அவர் வாயைத் துடைத்தாள். சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தாள். இது எப்படி நடந்தது, யாராவது அடித்தார்களா என்று மெதுவாகக் கேட்டாள். கிருஷ்ணராசா யோசித்தார். உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும். வாமதேவனின் கடைக்குக் கெட்ட பெயர், கிழவர்கள் இரண்டு பேரும் உள்ளே போவார்கள், கூப்பிட்ட குற்றம் தன்னுடையது. "படியில் விழுந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நேர்ஸ் கஜந்தினியைப் பார்த்தாள். கஜந்தினி அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மாவும் படியிலை விழுந்தனான் எண்டுதான் சொன்னவா" என்றாள் தமிழில். "கை முறிஞ்சு வந்த நேரம். நேர்ஸ் என்னட்டைக் கேட்டவ, நானும் ஓம் எண்டு சொன்னனான். எங்கடை ஃபிளாட்டிலை படியே இருக்கேல்லை அப்பா."

கிருஷ்ணராசாவுக்கு அந்த நாள் தெரியும். அன்று அவர் வேலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னார்கள் என்று பிறகும் கேட்டதில்லை. யாரும் பொலிஸுக்குச் சொல்லவில்லை என்ற நிம்மதி மட்டும் அப்போது இருந்தது. இப்போது விலாவில் ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. இப்படிக் குத்தக் குத்தத்தான் சிவனேஸ்வரி அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறாள், எட்டு வயதுப் பிள்ளையும் கூட நின்று சொல்லியிருக்கிறது. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது, அழ விலா விடவில்லை.

"படியில் விழவில்லை" என்று நேர்ஸிடம் சொன்னார். "அடித்தார்கள். நான் பெயர் சொல்கிறேன்."

கஜந்தினி பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை எப்போது காட்டுவாள் என்று அவர் கேட்கவில்லை. ஒருவர் மேலும் கை வைக்காமல் அடி வாங்கினோமே, இனி அவளுக்கு என்ன தடை என்று காரில் வரும்போதுகூட மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தவர். இப்போது வேறொன்று கேட்டார்.

"அம்மான்ரை எந்தக் கை, பிள்ளை?"

"இடது கை" என்றாள் கஜந்தினி. "இப்பவும் நீட்ட ஏலாது."