காப்பை அவிழ்த்துவிட்டு மதுரைக்குப் போனோம்

1997 பங்குனிப் பொங்கலின்போது என் கணவருக்கு ஆறே மாதத்தில் மூன்றாவது முறையாக நிமோனியா வந்தது. அவர் தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டியவர். எய்ட்ஸ் என்று மதுரை ஆஸ்பத்திரியில் முந்தின வருடமே சொல்லிவிட்டார்கள். ஊரில் டி.பி. என்று சொல்லி வைத்திருந்தோம். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

முதல் இரண்டு முறையும் ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லம்மா. சாதாரணக் கிருமியே நுரையீரலைப் பிடிச்சிரும். குளிர்காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்துரணும்."

ஆனால் இந்த முறை என் கணவர் கையில் அம்மன் காப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்து வெறுத்துப்போய், தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டிக்கொண்டார். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், காப்புக் கட்டியவர் பொங்கல் முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கே ஆகாது என்பார்கள்.

வியாழக்கிழமை நடுக்கம் கண்டது. மறுநாள் காலையில் செங்கல் நிறத்தில் சளி துப்பினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்குப் போவோம் என்றேன். அவருடைய அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"காப்போட போயி அங்கன தங்குனா ஆத்தா சும்மா விடுவாளா? அவளே பாத்துக்கிடுவா. பேசாம இரு."

"ரெண்டு நாளுகூடத் தாங்க மாட்டாக மச்சான்."

அவர் நகரவில்லை. என் கணவரும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பு இல்லை. "தாயே, உன்னைய மீறவும் பயமா இருக்கு. அவுகளைச் சாகக் குடுக்கவும் முடியல. நீயே ஒரு வழி விடு." இதையே எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த பூசாரி, "என்ன தாயி?" என்றார். நோயின் பேரோடு எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் ஒருவரிடம் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுளிக்கவில்லை. அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகனுக்கும் நெஞ்சுச் சளிதான். காப்போட கெடந்தான். அவுக்க மாட்டேன்னுட்டேன். பொங்க முடியுறதுக்குள்ள போயிட்டான்" என்றார். பிறகு, "வா, போவோம்" என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்து பூசாரியே காப்பை அவிழ்த்தார். அண்ணன் சத்தம் போட்டார்.

"ஆத்தா உத்தரவு. கேக்குறதா இருந்தா எங்கிட்டக் கேளு" என்றார் பூசாரி.

அதற்குப் பிறகு என் கணவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அந்த அண்ணன்தான். அருப்புக்கோட்டை போய் மதுரை பஸ் பிடித்தோம். மறுநாள் வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். பன்னிரண்டு நாளில் என் கணவர் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அம்மன் நோயை எடுத்துவிடவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்த நோய்க்கான மருந்து அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. அடுத்த வருடம் ஆவணியில், வேறொரு காய்ச்சலில் போய்விட்டார். ஆனால் அந்தப் பதினேழு மாதம் அவள் கொடுத்தது. அதில்தான் அவர் எதையும் மறைக்காமல் என்னிடம் பேசினார், மன்னிப்புக் கேட்டார். நானும் டி.பி. என்று சொல்வதை விட்டேன். இப்போது எங்கள் பூசாரி காய்ச்சல்காரருக்குக் காப்புக் கட்டுவதில்லை.

நீங்களும் அவளிடம் கேளுங்கள், கட்டாயம் யாரையாவது அனுப்புவாள். அவர் வந்து எழுப்பினால் உடனே எழுந்து பஸ் ஏறுங்கள்.