ஒற்றைக் கம்பிக் கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரார் காதுகளெல்லாம் அத்துப்படி. தன் காதுகளோடு மட்டும்தான் பகை.

ஏழு வருடத்துக்கு முன் இடது செவிப்பறையில் விழுந்த ஓட்டையை அடைக்க, காதுக்குப் பின்னால் கீறித் திறந்தார்கள். தையல் போட்டது கண்ணாடிக் கம்பி உட்காரும் அதே இடத்தில். வலியென்றால் அப்படியொரு வலி. மூன்று வாரம் அந்தப் பக்கம் தலை சாய்க்கவும் முடியவில்லை, கண்ணாடி மாட்டவும் முடியவில்லை. கண்ணாடி விற்கிறவரே கண் தெரியாமல் கடையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

அதற்குப் பயந்துதான், சீழ் வடிந்த வலது காதைப் பஞ்சு வைத்தே இத்தனை காலம் ஒப்பேற்றினார். கடைசியில் மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

"இந்தத் தடவை பின்னாடி வெட்டப் போறதில்ல," என்றார் டாக்டரம்மா. "காது ஓட்டை வழியாவே சின்னக் கேமராவ விட்டு முடிச்சிடலாம். அவ்வளவா வலிக்காது."

தலையாட்டினாரே தவிர, அவர் நம்பவில்லை. புதுக் கண்ணாடி உறுத்துகிறது என்று வருகிற அத்தனை பேரிடமும் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று இருபது வருடமாகச் சொல்லிவருபவர். அந்த மாதிரி வாக்குக்கு என்ன மதிப்பென்று அவருக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்கு முந்தின நாளே தன் கண்ணாடியின் வலது கம்பியை அறுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நல்ல கண்ணாடியப் போய் அறுக்கறீங்களே!" என்றார் மனைவி.

"வலிக்கப்போறது உனக்கா, எனக்கா?"

மயக்கம் தெளிந்ததும் கை நேராகக் காதுக்குப் பின்னால் போனது. கட்டு இல்லை, தையல் இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பாதியில விட்டுட்டாங்களா?"

"முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு ஐயா," என்றார் நர்ஸ். "பத்துக்கு எவ்வளவு வலிக்குது?"

போன தடவை பன்னிரண்டு என்று சொன்னவர், இப்போது வலியைத் தேடிப் பார்த்தார். காதுக்குள் அடைத்த பஞ்சின் கனம். வாயை அகலத் திறந்தால் ஒரு சுருக். அவ்வளவுதான்.

"ரெண்டு," என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "அதுவும் கொஞ்சம் கூடத்தான் சொல்றேன்."

ஒற்றைக் கம்பிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அது வழுக்கி மடியில் விழுந்தது. மனைவி பைக்குள் கையை விட்டு, இரண்டு கம்பியும் முழுசாக இருந்த அவருடைய பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். கடையில் அவர் கேட்கிற அதே ராகத்தில் கேட்கவும் செய்தார்:

"காதுக்குப் பின்னாடி உறுத்துதா சார்?"

"இல்ல." ஏழு வருடப் பயம் ஒரு பெருமூச்சில் இறங்கிப் போனது. உடனே குறை சொல்லவும் தெம்பு வந்துவிட்டது. "பவர்தான் பத்தல. உன் முகமே மங்கலாத் தெரியுது."

"ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றார் மனைவி.