பேச்சியம்மாள் அணைக்காத சூடம்

சோளத்தட்டை பற்றும்போது முதலில் இனிப்பாகத்தான் மணக்கும், யாரோ பொரி வறுக்கிறார்கள் என்று நினைத்துவிடலாம். தொண்டை எரிந்த பிறகுதான் உறைக்கும். பரளச்சிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில், ஒரு பங்குனிக் காலையில் பள்ளிக்கூடம் போக பஸ்ஸுக்கு நின்றிருந்த எனக்கு அப்படித்தான் உறைத்தது.

அறுப்பு முடிந்ததும் ஊரார் எல்லோரும் மாட்டுக்கான தட்டையை ஒரே பொட்டலில் "படப்பு" போட்டு அடுக்கிவைப்பார்கள். பக்கத்திலேயே குப்பைமேடு. அடுப்புச் சாம்பலை ஒரு நாள் ஆறவைத்துத்தான் அங்கே கொட்ட வேண்டும். "உள்ள கங்கு கெடக்கும்த்தா, தண்ணி தெளிச்சியா?" என்று அம்மா தினமும் கேட்பாள். அன்று நேரமாகிவிட்டதென்று, ஆறாத சாம்பலைக் கொட்டிவிட்டு ஓடியிருந்தேன். எனக்குப் பதினோரு வயது.

திரும்பி ஓடிவந்து பார்த்தபோது நான்கு படப்புகள் எரிந்துகொண்டிருந்தன. எரிகிற தட்டைகள் சுழன்று மேலேறி அடுத்த படப்பில் விழுந்தன. தீப்புயல் என்று இப்போது பத்திரிகையில் எழுதுகிறார்கள். பெரிய நெருப்பு தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். அந்த வார்த்தையை நான் படிப்பதற்கு முன்பே என் பாவாடைக்கு அது தெரியும். முதுகுப் பக்கமிருந்து வந்த காற்று அதை நெருப்பை நோக்கி இழுத்தது. மதியத்துக்குள் பொட்டலில் கரிதான் மிச்சம். இனி மாட்டை விற்க வேண்டியதுதான் என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழி பேச்சியம்மாள் அத்தை மேல் விழுந்தது. புருஷனை இழந்து, முருகேசன் என்ற ஒரே பிள்ளையோடு தனியாகப் பிழைத்தவர். நான்கு நாள் முன்னால் அவருடைய பயற்றை யார் வீட்டு மாடுகளோ மேய்ந்துவிட, கேட்க நாதியில்லாமல் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி, "மேஞ்ச மாட்டுக்குத் தீனியில்லாம வெந்து போகும்" என்று சாபம் விட்டிருந்தார். அது போதாதா? காலையில் "அவதான் வச்சிருப்பா" என்று தொடங்கிய பேச்சு, சாயங்காலம் "வச்சதைக் கண்ணால பாத்தேன்" என்று முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

கோவில் முன்னால் ஊர் கூடியது. தரையில் சூடம் ஏற்றி, "நீ வைக்கலேன்னா இதை அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார்கள்.

அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குச் சூடம் அணைக்கணும்? வச்சவுக வந்து அணைக்கட்டும்."

நான் இரண்டாவது வரிசையில் நின்றிருந்தேன். நாலு எட்டு வைத்தால் போதும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சூடம் தானாக எரிந்து அடங்கியது. அணைக்காததே சாட்சி என்று எல்லோரும் கலைந்தார்கள். அந்த வாரமே அத்தை முருகேசனைக் கூட்டிக்கொண்டு நரிக்குடியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் "வாரேன்" என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நான் இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். ஊரில் படப்பும் இல்லை, அடுப்புச் சாம்பலும் இல்லை. எல்லா வீட்டிலும் கேஸ், பொட்டல் முழுக்கச் சீமைக்கருவேலம். போன மாதம் அந்த முள்ளுக்காடு எரிந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஆடு மேய்ப்பவர் ஒருவரின் பெயரைப் போட்டு, விடிந்ததிலிருந்து ஆளாளுக்கு வசவு. நடுவில் ஒருவர், "அந்தக் காலத்துல பேச்சியம்மா வச்ச மாதிரி" என்று எழுதினார்.

அத்தை இறந்து ஆறு வருடமாகிறது. நான் எழுதினேன்: "படப்பு எரிஞ்சது பேச்சியம்மா அத்தையால இல்ல. ஆறாத சாம்பலைக் கொட்டுனது நான்."

வசவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். மதியம் எடுத்துப் பார்த்தபோது, கோவில் கொடைக்காகக் குழுவில் சேர்க்கப்பட்டு இதுவரை ஒரு வார்த்தைகூட எழுதாதவரின் பெயர் ஒரு வரியில் இருந்தது: முருகேசன் வெளியேறினார்.