சுவருக்கு அடியில் ஒரு சம்ப்

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுகிறார் காசிநாதன். அந்த விரல் உயர்ந்துவிட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. டி.வி.யை அணைத்துவிட வேண்டும். குக்கர் விசிலடித்தால்கூட சமையலறைப் பக்கம் திரும்பி முறைப்பார். "பேசாதீங்க. அது என்னாமோ சொல்லுது." அது சொல்லி முடித்ததும் நிமிர்ந்து வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்ப்பார். "மோட்டார் நல்லாதாங்க இருக்குது. வாங்குனவங்கதான் சரியில்ல."

கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில், எங்கள் தெருவில் சம்ப் இல்லாத வீடு கிடையாது. நகராட்சிக் குழாயில் வருகிற தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் அந்தத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து மோட்டார் அதை மாடிக்குத் தூக்கும். தூக்க மாட்டேன் என்று மோட்டார் அடம்பிடித்தால் காசிநாதனுக்குப் போன் போகும். டிவிஎஸ் 50-ல் வருவார். கால் வைக்கிற இடத்தில் பைப் திருகுகிற ரிஞ்சும் பைப்புத் துண்டுகளும் கிடப்பதால், கால்கள் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு வருவார். பைப் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைத்தான் மூக்குக் கண்ணாடியின் உடைந்த காதுக்கும் சுற்றியிருக்கிறார். "ஒழுகாது" என்பார் கேட்டால்.

மோட்டார் அவரிடம் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பிவிட வேண்டாம். எங்கள் வீட்டு மோட்டாரில் ஒருமுறை கடகடவென்று சத்தம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார், விரலைத் தூக்கினார், பேரிங் போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். கழற்றிப் புதுசு போட்டு சுவிட்சைத் தட்டினால் அதே கடகட. என் மனைவி வந்து, மோட்டார் மூடிமேல் மறந்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். சத்தம் நின்றுவிட்டது. காசிநாதன் துளியும் அசரவில்லை. "பேரிங் மாத்துனதாலதான் டம்ளர் சத்தம் தனியா தெரிஞ்சுது, இல்லன்னா யாரு கண்டுபுடிக்கிறது?" என்றார்.

சம்ப் கழுவ இறங்கினால் இன்னும் கூத்து. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே போனவர், கிடைப்பதையெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார். சீப்பு, தவளை, போன தீபாவளிக்குக் காணாமல் போன கொலுசு. ஒரு வீட்டில், "சார், இந்த பிராந்தி பாட்டிலு ஒங்களதா, பழைய குடித்தனக்காரரதா?" என்று கீழேயிருந்து கேட்டார். சாருக்குப் பக்கத்திலேயே சாரின் மாமியார் நின்றிருந்தார். வேலை முடிந்து மேலே வந்ததும் அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டார். காப்பியும் வேண்டாம். "கீழ என்னா கெடந்துச்சின்னு பாத்துட்டங்க. ஒரு கலர் வாங்கியாறச் சொல்லுங்க." மூடி போட்டு வருகிற சோடா, கலர் தவிர எதுவும் அவர் தொண்டையில் இறங்காது.

சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய மச்சான் புது வீடு கட்டியபோது, வாஸ்துப்படி ஈசானி மூலையில்தான் சம்ப் என்று ஒற்றைக் காலில் நின்றார். காசிநாதன் போய்ப் பார்த்தார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க். "மச்சான், ஒனக்குத்தான் இது ஈசானி மூல. அவனுக்கு வாயு மூல. அவனும் வாஸ்து பாத்துதான் கட்டியிருக்கான்." மச்சான் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனால் காசிநாதன் கையோடு கலர் பாட்டில் கொண்டு போகிறார்.

இப்படி ஊராரைக் கேலி செய்கிற மனிதரின் சொந்த சம்ப்தான் எங்கள் தெருவிலேயே பெரிய கேலி.

அவரும் அண்ணன் சாமிக்கண்ணுவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணனுக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. 2007 பொங்கலன்று வீட்டு மோட்டார் கருகிவிட்டது. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே, "ஊருக்கெல்லாம் மோட்டார் மாட்டுறான், ஊட்டு மோட்டார காப்பாத்தத் தெரியில" என்று சொல்லிவிட்டார் சாமிக்கண்ணு. "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து மோட்டார போட்டுட்டுக் கொறட்ட வுட்டது யாரு?" என்று இவர் கேட்டுவிட்டார். சித்திரையில் பாகப்பிரிவினை. பெரியவர்கள் கூடி மனையை அளந்தார்கள், தென்னைமரங்களைப் பிரித்தார்கள், அம்மி ஒருவருக்கு ஆட்டுக்கல் ஒருவருக்கு என்று எழுதினார்கள். தரைக்கு அடியில் இருந்த சம்ப்பை மட்டும் யாருக்கும் நினைவில்லை. காசிநாதனுக்கே நினைவில்லை என்பதுதான் வேடிக்கை. கொத்தனார் நடுச்சுவரை எழுப்பிப் பாதி வந்த பிறகுதான், சுவர் சம்ப்பின் தலையில் ஏறி நிற்பது தெரிந்தது. மூடி முழுசாகத் தம்பி பக்கம் விழுந்துவிட்டது. அண்ணனுக்குக் கிடைத்தது சுவரை ஒட்டி இறங்குகிற ஒரு குழாய் மட்டும்.

ஆக ஒரு தொட்டி, இரண்டு மோட்டார். அண்ணனின் குழாய்க்கு அடியில் எது கெட்டாலும் தம்பி வீட்டுக்குள் நுழைந்துதான் சரிசெய்ய வேண்டும். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். "காசியண்ணன் ஊட்டு சம்ப்புல நாங்க எறங்குறதா? நல்லாருக்குமா சொல்லுங்க?" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். காசிநாதன் அண்ணனைப் 'பக்கத்து வூட்டுக்காரரு' என்றுதான் சொல்வார். பெண்கள் இருவருக்கும் இதிலெல்லாம் நேரமில்லை. காசிநாதனின் மனைவி அமிர்தமும் அண்ணி புஷ்பவள்ளியும் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு கண்ணாயிரம் என்பவர் வீடு வீடாக மோட்டார் ஓட்டிக் கொடுத்தார். ஒரு வீட்டில் அதிக நேரம் நிற்க மாட்டார். விட்டால் அடுத்த சுற்று எப்போது என்று அவருக்கே தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்த அன்று காசிநாதன் வீட்டுத் தொட்டி நிரம்பியதும் ஒயர் சுவர் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனது. அடுத்தது என் வீடு என்பதால் ஒயரைத் தொடர்ந்து நானும் காசிநாதன் வீட்டு வாசலில் நின்றேன்.

அண்ணன் மோட்டார் உறுமியதே தவிர தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வ், ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிக்காவிட்டால் மோட்டார் காற்றைத்தான் குடிக்கும். அண்ணன் மகளின் பிரசவத்துக்காக அந்த வீட்டில் ஆட்கள் வேறு. குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அமிர்தம் சுவருக்கு மேலே நீட்டிய குடத்துத் தண்ணீரைச் சாமிக்கண்ணு வாங்கி வாங்கி, காற்றை விரட்ட மோட்டார் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றியதெல்லாம் குழாய் வழியே சம்ப்பிலேயே கொட்டுகிற சத்தம் இந்தப் பக்கம் மூடிக்குள் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா, எந் தண்ணி எங்கிட்டயே வருது" என்று காசிநாதன் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, சிரிக்கிற நேரமா இது?

"ஏங்க, வண்டி கௌம்பட்டுங்களா?" என்று கண்ணாயிரம் தெருவிலிருந்து கத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாமிக்கண்ணுவின் குரல் கேட்டது. "புஷ்பா, ஒயர கழட்டிக் குடுத்துடு. நமக்கு ஏறாது." திட்டு இல்லை, கோபம் இல்லை. தளர்ந்துபோன குரல். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

காசிநாதன் சிரிப்பை நிறுத்தினார். "வண்டி கௌம்புனா டயர கிழிச்சிருவன், நில்லுயா!" என்று தெருப் பக்கம் ஒரு சத்தம் போட்டார். என் கையில் டார்ச்சைத் திணித்தார். மூடியைத் தள்ளிவிட்டு, லுங்கியை மடித்துக்கூடக் கட்டாமல் ரிஞ்சோடு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். அண்ணன் குழாயைப் பிடித்துத் தூக்கி, புட்வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்து நாராகத் தொங்கியது. "இத வெச்சிக்கினு ஊத்துறாரு ஊத்துறாரு, அறிவுகெட்ட மனுஷன்." கடைகளெல்லாம் புயலுக்கு மூடிக் கிடந்தன. புது வால்வுக்கு எங்கே போவது? அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. தன் குழாயை இழுத்து, அதிலிருந்த வால்வைக் கழற்றி, வெள்ளை டேப் சுற்றி, அண்ணன் குழாயில் முறுக்கினார். அவருடைய குழாய் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

பிறகு ரிஞ்சால் அண்ணன் குழாயில் ஒரு தட்டு தட்டினார். சுவர் எழும்பாத நாட்களில் தம்பி கீழேயும் அண்ணன் மேலேயும் நின்று மோட்டார் ஓட்டுவார்கள். கத்தினால் சம்ப்புக்குள் காது கிழியும் என்பதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு தட்டு என்றால் தண்ணி ஊத்து. இரண்டு தட்டு என்றால் சுவிட்ச் போடு.

காசிநாதன் மறுபடி ஒரு தட்டு தட்டினார். அந்தப் பக்கம் குடம் உரசுகிற சத்தம். தண்ணீர் குழாயில் இறங்கியது. இந்த முறை சம்ப்பில் ஒரு சொட்டும் விழவில்லை.

இரண்டு தட்டு.

மோட்டார் உறுமியது. "காசி, ஏறுதா?" என்று கேட்டேன். அவர் இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, அண்ணன் குழாயில் நுனியை வைத்து, ஈரக் காதில் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலே விரலைத் தூக்கினார்.